மாமனார் சிரிப்பு

காசு வாங்கிக்கொண்டு சிரிக்கிற ஒரு பெண்மணியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். சுளிக்க வேண்டிய இடங்கள் பின்னால் நிறைய வருகின்றன.

எங்கள் டப்பிங் ஸ்டூடியோவில் எல்லோரும் அவளைச் சிரிப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டு நகைச்சுவைத் தொடர்களைத் தமிழில் பேசவைப்பது எங்கள் பிழைப்பு. வசனம் எழுதுகிற பாவி நான். பழைய தொடர்களில் நடிகர்களின் பேச்சும் பார்வையாளர்களின் சிரிப்பும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு வரும். பேச்சை எடுத்தால் சிரிப்பும் கூடவே போய்விடும். அப்புறம் புதிதாகச் சிரிக்க ஓர் ஆளை வைக்க வேண்டியதுதான். அந்த ஆள்தான் அக்கா.

ஸ்டூடியோ என்றதும் ஏதோ பளபளப்பான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். மெத்தைக் கடைக்கு மேலே, முழங்கால் வலிக்கப் படியேறிப் போனால் ஒரு அறை. சுவரெல்லாம் யாரோ வேண்டாமென்று கழித்த கம்பளத்தை ஒட்டிவைத்திருப்பார்கள். ஏசி இரைகிறது என்று பதிவு நேரத்தில் அதை நிறுத்திவிடுவார்கள். காலுறை நாற்றமும், நேற்றுப் பேசியவரின் வாய் நாற்றமும் மைக்கைச் சுற்றியே நிற்கும். அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எவனோ ஒருவன் கதவில் முட்டிக்கொண்டதற்காக வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். எனக்கு அங்கே நிற்கும்போதே குமட்டும். அக்கா சிரிப்பாள்.

சரசரக்காத பருத்திப் புடவை, வளையல் போடாத வெறுங்கை, பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர். என்ன கேட்டாலும் கிடைக்கும். முன்வரிசைச் சிரிப்பு, பின்வரிசைச் சிரிப்பு, தாமதமாகப் புரிந்துகொண்டவரின் சிரிப்பு. இதில் அதிகம் செலவானது மாமனார் சிரிப்பு. அந்தப் பெயரை அவளே வைத்தாள். கல்யாணமான புதிதில் அவளுடைய மாமனார் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரே துணுக்கைச் சொல்வாராம். கஞ்சன் ஒருத்தன் டாக்டரிடம் போன கதை. மருமகள் சிரிக்கிறவரைக்கும் தட்டில் கை வைக்க மாட்டாராம். புருஷன்காரன் வெளியூரில் வேலை என்று கிளம்பிப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு செட்டிலாகிவிட்டான். மாமனாரும் ஒருநாள் போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டிலிருந்து அவளுக்கு மிஞ்சியது இந்தச் சிரிப்பு மட்டும்தான். அதை வைத்துத்தான் பிழைத்தாள்.

தேநீர் இடைவேளையில் எங்களுக்கு ஒரே பேச்சு, எந்த நாட்டுக்காரன் ஜோக் தேவலை என்பது. அமெரிக்கத் தொடர் என்றால் அக்காவுக்குத் தொண்டை வறண்டுபோகும். வரிக்கு வரி சிரிக்க வேண்டும். பிரிட்டிஷ் தொடர் என்றால் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

“அமெரிக்காக்காரன் ஜோக்கைச் சொல்லிட்டு நம்ம மூஞ்சியையே பாக்குறான் ரைட்டரே,” என்பாள். “சிரிக்கலன்னா இன்னொரு தடவை சொல்றான். அப்பவும் சிரிக்கலன்னா விளக்கம் குடுக்குறான். கடைசில எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிறாங்க. அப்படியே என் மாமனார்தான்.”

“பிரிட்டிஷ்காரன்?”

“தான் சொன்னது ஜோக்குன்னு தனக்கே தெரியாத மாதிரி மூஞ்சியை வெச்சிருக்கான். நாம வீட்டுக்குப் போயி, குளிச்சிட்டு, தலை துவட்டும்போதுதான், அடப்பாவி, நம்மளையில்ல சொல்லியிருக்கான்னு தோணும்.”

“அதுக்குப் பேரு ஜோக்கா அக்கா? திட்டு.”

“திட்டுதான். ஆனா தன்னையும் சேத்துத் திட்டிக்கிறானே. அமெரிக்காக்காரன் எப்படியும் கடைசில ஜெயிச்சிடுறான். இவன் தோத்துட்டு டீ குடிக்கிறான். எனக்கு இவனைத்தான் பிடிச்சிருக்கு.”

“நம்ம ஆளுங்க?” என்று நான் வேண்டுமென்றே எடுத்துக்கொடுப்பேன்.

அக்கா டம்ளரை டொக்கென்று வைப்பாள். “நம்ம படத்தைப் பத்திப் பேசாதீங்க, குடிச்ச டீ வெளிய வந்துடும். பாதிப் படம் ரத்தம். மீதிப் படம் அந்த ரத்தத்துல ஹீரோ மெதுவா நடந்து வர்றது. முன்னாடி காமெடிக்குன்னு தனியா ஒரு ஆள் இருந்தாரு. இப்ப அவரும் துப்பாக்கியைத் தூக்கிட்டாரு. ஹீரோவே ஜோக் அடிக்கிறாரு. யாரை வெச்சு? குண்டா இருக்கிறவளை, கறுப்பா இருக்கிறவளை, வீட்டு வேலை செய்யறவளை. கருமம்.”

இதில் எனக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. சமீப காலமாக எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் எனக்கு முதலில் கை கழுவ வேண்டும்போல் இருக்கிறது. ஆளை வெட்டுகிற சத்தத்தை எங்கள் ஸ்டூடியோவில் பூசணிக்காயை வெட்டித்தான் பதிவு செய்கிறார்கள். அந்தப் பூசணிக்காய்மேல் எனக்கு இருக்கிற இரக்கம் செத்த ஆள்மேல் வருவதில்லை. அந்த அளவுக்கு மரத்துப்போயிருக்கிறது.

அக்காவுக்கு ஒரு தங்கை இருந்தாள். வெள்ளைக்காரத் துரை மாதிரி சிரிக்கவே மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குத் துரை என்று பட்டப்பெயர். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். மருந்துக் கடையில் வேலை. இரண்டு அறை உள்ள ஒரு வாடகை வீட்டில் அக்காவும் அவளும் மட்டும். சட்டைப் பையில் சிகரெட்டோடு வந்து இருமல் மருந்து கேட்டவனிடம், “இப்போ ஒரு பாட்டில் போதுமா, இல்ல மாசாமாசம் எடுத்து வெக்கட்டுமா?” என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டவள். “பிரிட்டிஷ் ஜோக்கை நான் டிவியில பாத்தா தெரிஞ்சுகிட்டேன்? எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு,” என்பாள் அக்கா.

ஒருநாள் துரை வீட்டுச் சாவியை வாங்க ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஓர் அமெரிக்கத் தொடருக்கு அக்கா மாமனார் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் ஒலிப்பதிவாளரும். அவரைக் கத்திரி என்போம், எதையும் ஒட்ட வெட்டுகிறவர் என்பதால். காட்சி முடிந்தது. துரை உள்ளே போனாள். சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

“உன் மாமனார் ஜோக் சொன்னப்பல்லாம் நீ இப்படித்தான் சிரிச்சே. அப்பவே நெனச்சேன், இதுக்கு யாராவது சம்பளம் குடுத்தா நல்லா இருக்கும்னு.”

கடைசி வார்த்தை முடிவதற்குள் அக்காவுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. எங்களில் யாரும் அதுவரை கேட்டிராத சிரிப்பு. நடுவில் மூக்கால் ஓர் உறுமல். அதை அடக்கப்போய் அடுத்தது இன்னும் பெரிதாக வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தாள். துரை சாவியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மைக்கை நிறுத்தக் கத்திரி மறந்திருந்தார். எல்லாம் பதிவாகிவிட்டது. எங்கள் தொழிலில் நல்ல சத்தம் எதுவும் வீணாகக் கூடாது. பேச்சைக் குப்பை என்று வெட்டித் தள்ளிவிட்டு, சிரிப்பை மட்டும் எடுத்துக் கணினியிலிருந்த சிரிப்புக் கையிருப்பில் போட்டுக்கொண்டார். இது அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன துரை வீடு திரும்பவில்லை. அக்கா சில நாள் வராமல் இருந்தாள். அப்புறம் வந்து, வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டு, சிரித்தாள். எனக்கு அந்தத் தொழில்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. தேநீர்க் கடையில் மட்டும் ஒருமுறை வாய் திறந்தாள்.

“அவ பேசுனது ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல ரைட்டரே. போட்டோ இருக்கு. எல்லாத்துலயும் முறைச்சுக்கிட்டுதான் நிக்குறா. ஊர்க்காரங்க குரலையெல்லாம் பதிவு பண்ற இடத்துல இத்தனை வருஷம் வேலை பாத்தேன், கூடப் பொறந்தவ குரலை எடுத்து வெச்சுக்கணும்னு தோணலையே. இப்ப அது எப்படி இருக்கும்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வருது.”

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். வேறு என்ன செய்வது?

இதற்கிடையில் முதலாளிக்கு ஒரு பெரிய படத்தின் ஒலி வேலை கிடைத்தது. வெளியான அன்றே எங்கள் எல்லோரையும் தியேட்டருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அரங்கு நிறைந்திருந்தது. படத்தைப் பற்றி அதிகம் சொல்லி உங்கள் வயிற்றையும் கலக்க விரும்பவில்லை. இடைவேளைக்குப் பின் ஒரு காட்சி. பெரிய கடைவளாகம் ஒன்றில் வயதான பெண் ஒருத்தி தரை துடைத்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் ஓரமாகப் போகும்படி ஹீரோவிடம் கேட்கிறாள். ஹீரோ கையிலிருந்த குளிர்பானத்தைத் தரையில் நிதானமாக ஊற்றுகிறான். “வேலை இல்லாம கஷ்டப்படாதே ஆயா, இந்தா,” என்கிறான். அவள் அதில் வழுக்கி விழுகிறாள். ஒரு நொடி அமைதி. அப்புறம் ஹீரோவின் காதலி சிரிக்கிறாள்.

அரங்கமே கூடச் சேர்ந்து சிரித்தது. விசில். என் பக்கத்திலிருந்தவன் பாப்கார்ன் தெறிக்கச் சிரித்தான். அந்த எச்சில் என் சட்டையில் விழுந்தது. கூட்டத்தின் சிரிப்பு அடங்கிய பிறகும் திரையில் அந்தக் காதலி விடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் மூக்கால் ஓர் உறுமல் வந்தது. அதை அடக்கப்போய் அடுத்தது இன்னும் பெரிதாக வந்தது.

அக்கா எழுந்து வெளியே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். கழிப்பறை வாசலிலிருந்த தொட்டியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அது என் சிரிப்பு,” என்றாள். “துரைக்குச் சிரிச்சது. அதைக் கொண்டாந்து இந்தப் பீ மேல ஊத்தியிருக்கானுங்க.”

மறுநாள் முதலாளியின் அறை. அவர் விசிட்டிங் கார்டின் முனையால் பல்லை நோண்டிக்கொண்டு, நோண்டியதைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மைக் என்னோடது, ஸ்டூடியோ என்னோடது. சிரிச்சதுக்குச் சம்பளம் வாங்கிட்டீங்க. இதுல உங்க சிரிப்பு, என் சிரிப்புன்னு என்னம்மா இருக்கு?”

“அதுக்கு நான் சம்பளம் வாங்கல சார். அது வேலை இல்ல.”

“படம் ரிலீஸ் ஆயிடுச்சு. இனிமே அதுல கை வெக்க முடியாது.”

“படம் நாசமாப் போகட்டும். உங்க கையிருப்புல இருக்கிறதை அழிக்கணும். இனி ஒரு இடத்துலயும் அது வரக் கூடாது. அழிக்கிறவரைக்கும் நான் மைக் முன்னாடி உட்கார மாட்டேன்.”

வாழ்க்கையில் முதல்முறையாக நானும் தைரியமாக ஒன்று செய்தேன். நானும் எழுத மாட்டேன் என்றேன். பாதியில் நிற்கிற அமெரிக்கத் தொடரை நினைத்து முதலாளி கார்டைக் கீழே போட்டார். “அழிச்சுத் தொலைங்கய்யா. எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் அழிங்க. ஒரு சிரிப்புக்கு இவ்வளவு கூத்து!”

கத்திரி கணினி முன்னால் உட்கார்ந்தார். அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். “இதுதானான்னு ஒரு தடவை கேட்டுக்குங்கக்கா,” என்று ஹெட்போனை நீட்டினார்.

“வேண்டாம். அது இனிமே என் காதுலயே விழக் கூடாது.”

அவர் அழித்தார். பிரதி எடுத்து வைத்திருந்த இன்னொரு டிஸ்க்கைக் கொண்டுவந்து அதிலும் அழித்தார். அக்கா நீளமாக மூச்சுவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. மனசுக்குள் ஒரு தேநீர்கூடக் குடித்துவிட்டேன்.

கத்திரி கையைத் தட்டிக்கொண்டார். “எனக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு. அந்தத் துண்டு சுத்தமாவே வரலக்கா. எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் முன்னாடி ஒரு குரல் தொத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்க அது மேலயே சிரிக்க ஆரம்பிச்சுட்டீங்களா, பிரிக்கவே முடியல.”

“என்ன குரல்?” என்றாள் அக்கா.

“உங்க தங்கச்சி குரல்தான். ‘நல்லா இருக்கும்னு’ன்னு அவங்க முடிச்சாங்கல்ல, அதுல பாதி.”

அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். சத்தத்தைச் சத்தமாக மட்டுமே பார்க்கிற தொழில் அது. அக்கா ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“திரும்பக் கொண்டு வாங்க.”

“அழிச்சாச்சேக்கா. நீங்கதானே...”

“வேற எங்க இருக்கு?”

கத்திரி யோசித்தார். மற்றத் தொடர்களில் போட்டதெல்லாம் வேறு சிரிப்புகளோடு சேர்த்து அரைத்துக் கலந்தது, அதில் ஒன்றும் கேட்காது. தனியாகப் போட்டது அந்தப் படத்தில் மட்டும்தான். படத்தின் கோப்புகளையெல்லாம் தயாரிப்பாளர் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேட்டுப் பார்த்தோம். அந்த ஆபீஸில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. படத்தை டிவிக்கும் எவரும் வாங்கவில்லையாம். அந்த ஒரு விஷயத்தில் உலகத்துக்கு இன்னும் கொஞ்சம் ரசனை மிச்சமிருக்கிறது என்று சாதாரண நாளில் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆக, துரையின் குரல் உலகத்தில் மீந்திருந்த ஒரே இடம் அந்தக் கருமம் பிடித்த படம்தான்.

போனோம். ஹீரோ மூன்று பேர் கழுத்தை அறுப்பதையும், காதலியைப் பின்னாலேயே துரத்தித் தொந்தரவு செய்வதையும், அதைக் காதல் என்று பாடுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தோம். குளிர்பானம் கொட்டியது. கிழவி விழுந்தாள். அரங்கம் கொல்லென்று சிரித்தது. அந்த ஒரு நொடி அதற்குள் முங்கிப்போனது. அடுத்த முறை அக்கா போனில் பதிவு செய்து பார்த்தாள். பின்வரிசைக்காரனின் இருமல் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

“சிரிக்காதீங்கய்யா!” என்று ஒருநாள் எழுந்து நின்று கத்திவிட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

காலம் பூராவும் ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைத்தவள், இப்போது ஊர் வாயை மூடுகிறதா என்று காத்திருந்தாள். படம் தோற்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். தோற்றால் கூட்டம் குறையும். ஒரேயடியாகத் தோற்றுவிடவும் கூடாது. தூக்கிவிடுவார்கள். இப்படி ஒரு படத்துக்காக இப்படி ஒரு வேண்டுதல்! என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசியில் ஒரு காலைக் காட்சியில் அது நடந்தது. மேலே எங்கோ ஒரு ஜோடி, கீழே தூங்குகிற ஓர் ஆள், நாங்கள். கிழவி விழுவதற்கு முன்பே அக்கா, போனை எடுக்கவும் மறந்து, முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குளிர்பானம். வசனம். விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதிக்குள் வந்தது.

“...க்கும்னு.”

தட்டையான, ஏற்ற இறக்கமில்லாத குரல். எனக்கே துரை சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. உடனே அதன்மேல் சிரிப்பு ஏறி மிதித்துக்கொண்டு போனது. திரையில் கிழவி எழுந்திருக்க முடியாமல் வழுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கிழவியை முழுசாகப் பார்த்தாள். “மன்னிச்சுக்கம்மா,” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

வெளியே வந்ததும் நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போனாள்.

“இந்தப் படம் நாளைக்கும் இருக்காப்பா?”

கவுண்டர்காரன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். வாயில் எதையோ குதப்பிக்கொண்டிருந்தான். “என்னம்மா, தினம் வர்றீங்க? இதை எடுத்த டைரக்டரோட சொந்த அம்மாவே ஒரு தடவைதான் வந்தாங்க!”

சொல்லிவிட்டு, பதில் சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். ஆரம்பம், ஏற்றம், இறக்கம், முடிவில் ஒரு சின்னப் பெருமூச்சு. மைக் முன்னால் உட்கார்ந்தால் எப்படி வருமோ அப்படியே, ஒரு பிசகும் இல்லாத மாமனார் சிரிப்பு.

அவனுக்குத் திருப்தி. கணினியைத் தட்டிப் பார்த்தான். “இருக்கும்மா. நாளைக்கு ஒரு காட்சி இருக்கு,” என்றான்.